பழைய விமான மாடல் கிட் அசல் விமானத்தோடு ஒத்துப்போகவில்லை. கையால் பாகங்கள் செய்து திருத்துவது வீண் வேலையா?

பணக் கணக்குப் பார்த்தால் வீண் வேலைதான். முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன், பிறகு யாரும் கமெண்டில் வந்து எனக்கு அதைச் சொல்ல வேண்டாம்.

கேட்டவர் அநேகமாக ஒரு பழைய பெட்டியை ஆசையாக வாங்கி, பாதி ஒட்டிய பிறகு நெட்டில் அசல் விமானத்தின் படத்தைப் பார்த்து நொந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். என்ன, எனக்குத் தப்பைக் காட்டியது நெட் இல்லை, மாமனார்.

ஊர் பாளையங்கோட்டை. 2018ல் தூத்துக்குடியில் கப்பல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது, பழைய சாமான்களோடு ஒரு ஏர்ஃபிக்ஸ் பெட்டி கிடைத்தது. ஏர்ஃபிக்ஸ் என்பது மாடல் கிட் போடும் இங்கிலாந்து கம்பெனி. 1/72 அளவில், அதாவது அசலில் 72ல் ஒரு பங்கு, நேட் என்ற குட்டி ஜெட் விமானம். மாமா, அதாவது என் மாமனார், விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்க்கிறவராக இருந்தவர். மேற்கு வங்காளத்துக் கலைக்குண்டா விமானத்தளத்தில் நேட்டில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் மனம்விட்டுப் பேசியது மொத்தமாக ஒரு மணி நேரம் இருக்கும். சரி, இதை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் மனுஷன் இளகிவிடுவார் என்று ஒரு நப்பாசை. பத்து நாளில் ஒட்டி, வெள்ளிக் கலர் அடித்து, கல்லிடைக்குறிச்சிக்குக் கொண்டுபோனேன்.

கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது யாரு பிளேன் மாப்ள?"

"நம்ம நேட்தான மாமா."

"நம்ம நேட்ல ஒத்த ஆளுதான் உக்காருவான். பின்னாடி இருக்கவன் யாரு, கண்டக்டரா?"

அடுக்களையிலிருந்து அத்தை சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவர் சொன்னது சரிதான். ஏர்ஃபிக்ஸ் பெட்டியில் இருந்தது நேட் டி.1, இங்கிலாந்து விமானப்படையின் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். ரெட் ஆரோஸ் சாகசக் குழு 1965லிருந்து 1979 வரை ஓட்டியது அதைத்தான். நம்மிடம் இருந்தது எஃப்.1, ஒற்றை இருக்கை சண்டை விமானம், பெங்களூரில் எச்.ஏ.எல். என்ற நம் அரசு விமானக் கம்பெனி உரிமம் வாங்கிக் கட்டியது. பின் இருக்கையை எடுத்துவிட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடாது. டி.1க்கு இறக்கை நுனிக்கு நுனி 24 அடி, எஃப்.1க்கு 22 அடி 1 அங்குலம். நீளத்தில் மூன்றடி வித்தியாசம். வால் பெரிது, மூக்கு வேறு. டி.1ல் பீரங்கி கிடையாது. நம்முடையதில் காற்று உள்ளிழுக்கும் வாய்க்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகள். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டுகளை வீழ்த்தியதால் இதற்கு சேபர் ஸ்லேயர் என்று பெயர் வந்தது அவற்றால்தான். (எத்தனை சேபர் விழுந்தது என்பதில் இரண்டு நாட்டுக் கணக்கும் ஒத்துப்போகாது. அந்தச் சண்டையை இங்கே தொடங்காதீர்கள்.)

புது கிட் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்பெஷல் ஹாபி கம்பெனி இதே அளவில் எஃப்.1 போடுகிறது, தெரியும். சென்னையிலிருக்கும் மச்சானும் அதைத்தான் சொன்னான். ஆனால் அவமானப்பட்டது இந்தப் பெட்டியால். இதை வைத்தே பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வீம்பு.

வெட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அசல் விமானத்தின் மூன்று பக்க வரைபடத்தை எடுத்து, ஜெராக்ஸ் கடையில் சதவீதத்தைக் கூட்டிக் குறைத்து உங்கள் அளவுக்குக் கொண்டுவாருங்கள். எனக்கு இறக்கை 93.5 மி.மீ. வர வேண்டும், கிட்டில் இருந்தது கிட்டத்தட்ட 102. நாலாவது ஜெராக்ஸில் சரியாக வந்தது. அதன்மேல் பாகங்களை வைத்துப் பார்த்தால் எது எங்கே தப்பு என்று தானாகத் தெரியும். என் கிட்டில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் ஆணி) என்று புடைத்திருந்த புள்ளிகள் அரை மில்லிமீட்டர். 72ஆல் பெருக்கிப் பாருங்கள், அசலில் மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வரும். எல்லாவற்றையும் 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

இறக்கை நுனியைப் பக்கத்துக்கு நாலு மி.மீ. வெட்டினேன், வாலைச் சிறிதாக்கினேன். இறக்கையின் அகலமும் மாறும் என்பது தெரியும். விளிம்பில் உரசிச் சமாளித்ததுதான், நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லை. இதெல்லாம் இரண்டு நாள் வேலை. மூக்கும் கண்ணாடி மூடியும் நாலு மாதம் தின்றன.

இரண்டு இருக்கைக்காக நீட்டிய முன்பகுதியை மொத்தமாக ஆக்ஸா பிளேடால் அறுத்து எறிந்துவிட்டேன். புது மூக்கு வேண்டும். பிளாஸ்டிக் ஷீட்டில் அடுக்கடுக்காக ஒட்டிச் செதுக்கலாம் என்று பெங்களூருக்கு ஆர்டர் போட்டேன். இந்த கூரியர்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். 'வீடு பூட்டியிருந்தது' என்று மெசேஜ் வருகிறது. அன்றைக்கு மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார், காலையிலிருந்து வாசல் திண்ணையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன் செய்தால் "அட்ரஸ் கிடைக்கல சார், வந்து வாங்கிக்கோங்க" என்கிறார்கள். தெருவே கண்டுபிடிக்க முடியாதவனுக்கு வீடு பூட்டியது மட்டும் எப்படித் தெரிந்தது? டெலிவரிக்கும் சேர்த்துத்தானே காசு வாங்குகிறீர்கள்? பதினோரு நாள் கழித்து நானே போய் வாங்கினேன். ஷீட் நடுவில் மடங்கியிருந்தது. புகார் எழுதினேன், ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று பதில் வந்தது. சரி, விடுங்கள்.

மூக்குக்கு வழி சொன்னவர் மாமாதான். நான் ஷீட்டோடு மல்லாடுவதைப் பார்த்துவிட்டு, "உருண்டையா இருக்க சாமானை எதுக்குச் செதுக்கணும்? கடைசல்ல போட்டா அஞ்சு நிமிசம்" என்றார். அடுத்த வாரம் ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் ஒருவரிடம் கூட்டிப்போனார். குட்டிப் பானை, அடுப்பு, உரல், திருகை என்று கடைகிறவரிடம் ஜெராக்ஸை நீட்டினால் என்ன ஆகும்? "இது என்ன அண்ணாச்சி, பம்பரமா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமா பதில் சொன்னார். பேச்சு, நேட்டுக்கு ஏணியே வேண்டாம், தரையில் நின்றே வேலை பார்க்கலாம் என்பதிலிருந்து 1971 நவம்பர் 22ல் பாகிஸ்தான் சேபர்களோடு நடந்த போய்ரா சண்டைக்கு நாலு நேட் கிளம்பிப் போனது வரை போய்விட்டது. என்னிடம் ஒன்பது வருஷம் சொல்லாததை எல்லாம் கடைசல்காரரிடம் சொன்னார். அவரும் உளியை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

மூக்குக்கு ஒன்று, கண்ணாடி மூடிக்கு ஒன்று கடைந்து கொடுத்தார். மூடி நீர்த்துளி வடிவம். முழுதாகக் கடைந்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்தால் அச்சு தயார். அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கை இழுத்து அழுத்த வேண்டும். அட்டையில் அச்சை விடக் கொஞ்சம் பெரிய ஓட்டை வெட்டி, அதன்மேல் பிளாஸ்டிக்கைப் பின் அடித்து, அடுப்புக்கு மேலே காட்டித் தொய்ய ஆரம்பித்ததும் அச்சை ஒரே அழுத்தாக உள்ளே இறக்குங்கள். தயங்கினால் சுருக்கம் விழும். தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் எனக்குப் பால் போல வெளுத்துவிட்டது. கடைசியில் உதவியது புதுச் சட்டைக் காலருக்குள் வைத்து வரும் தெளிவான பட்டை. ஏழு பட்டை வீணாகி எட்டாவது தேறியது. தீபாவளிக்கு எடுத்த சட்டைகளை எல்லாம் ஏன் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று மனைவி கேட்டதற்கு இதுவரை ஒழுங்கான பதில் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருக்கை, மாத்திரை அட்டையின் ஈயத்தாளில். பீரங்கிக் குழல், மெடிக்கல் ஷாப் ஊசியை அறுத்தது. மெல்லிய குழாய்களுக்கு, பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இளகியதும் இழுத்தால் நூல் போல வரும். இந்திய வட்டச் சின்னத்தை நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வெட்டினேன். தடிப்பாகத்தான் தெரியும், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு தப்பு மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். மர மூக்குக்கும் உடம்புக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை டிங்கரிங் பட்டறையில் வாங்கிய என்.சி. பட்டியால் (கார் உடம்பில் பள்ளத்தை அடைக்கும் பசை) ஒரே தடவையில் நிரப்பினேன். அதில் இருக்கும் தின்னர் கிட் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும். காலையில் பார்த்தால் விமானத்தின் தோள்பட்டை உள்வாங்கியிருந்தது. சிகரெட் தாள் அளவுக்கு மெல்லிசாக இழுத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி இழுக்க வேண்டும். அப்புறம் மூக்கில் எடை. மூக்குக்குக் கீழே சக்கரம் வைத்த விமானத்துக்கு முன்னால் கனம் இல்லையென்றால் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். என்னுடையது உட்கார்ந்தது. மர மூக்கைப் பின்பக்கமாகக் குடைந்து தூண்டில் ஈயத்தை அடைத்த பிறகுதான் ஒழுங்காக நின்றது.

பொங்கலுக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை மாமா ஒன்றும் பேசாமல் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பினார். சக்கரக் கதவுகளைப் பார்த்தார். நேட்டில் அந்தக் கதவுகள்தான் பறக்கும்போது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் ஏர்பிரேக்காகவும் வேலை செய்யும், அதனால் அதை ஷீட்டில் புதிதாகச் செய்திருந்தேன். நகத்தால் ஒன்றை லேசாகத் தட்டினார்.

"கதவு தடிமன். இருக்கட்டும்."

சாயங்காலம் டீக்கடைக்குப் போகும்போது விமானத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இரவு எட்டரைக்குத்தான் வந்தார். மூக்கு நுனியில் பிட்டாட் குழாயாக (பறக்கும் வேகத்தை அளக்க உதவும் குழாய்) நான் வைத்திருந்த ஊசி வளைந்திருந்தது. யார் கையில் பட்டது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்போது அது கல்லிடைக்குறிச்சியில் டி.வி.க்கு மேலே இருக்கிறது, ஊசி வளைந்தபடியே.

புகைப்படம் கேட்காதீர்கள். ஸ்டிக்கர் தடிப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக் குறை சொல்ல நாலு பேர் வருவீர்கள் என்று தெரியும்.