சித்தப்பாவுக்கு மனச்சிதைவு நோய். எனக்கும் வருமா என்று மரபணு டெஸ்ட் எடுத்தால் தெரியுமா?

தெரியாது. இன்றைக்கு இருக்கிற எந்த டெஸ்டும் அதைச் சொல்லாது.

வரன் பேசும் நேரத்தில் பெண் வீட்டார் கேட்டால் நீட்டுவதற்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அவஸ்தை எனக்கும் தெரியும். நான் டாக்டர் இல்லை. என் அண்ணனுக்கு இந்த நோய் வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஆரம்பித்தது. முதலில் குணசீலம் கோயிலில் 48 நாள், அப்புறம்தான் டாக்டர். அதற்குள் வீட்டில் ஒரு விசாரணையே நடந்து முடிந்திருந்தது. அம்மாவின் பெரியம்மா ஒருத்தர் கிணற்றடியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாராம். "உங்க வழியிலதான் வந்திருக்கு" என்று அத்தைகள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அம்மா அதை இன்னும் நம்புகிறார்.

சில வருடங்கள் கழித்து ஓர் ஆராய்ச்சிக்காக எங்கள் குடும்பத்தில் நான்கு பேரும் ரத்தம் கொடுத்தோம். ஏதோ ஒரு கெட்ட மரபணுவைக் கண்டுபிடித்து, அது அப்பா வழியா அம்மா வழியா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். தனிப்பட்ட ரிசல்ட் யாருக்கும் தர மாட்டோம் என்று படிவத்திலேயே இருந்தது. நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த எரிச்சலில்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

என்னைப் போலவே விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் அந்த ஒற்றை மரபணுவைத்தான் தேடினார்கள். 1988-இல் ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது என்று ஒரு குழு நேச்சர் என்ற அறிவியல் இதழில் அறிவித்தது. அதே இதழில், வேறொரு குழு ஸ்வீடன் குடும்பம் ஒன்றைப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லையே என்றது. அடுத்து ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய குடும்பம். ஒன்றாவது குரோமோசோமும் பதினொன்றாவதும் துண்டு மாறி ஒட்டிக்கொண்டிருந்தன. அது இருந்த பலருக்கு மனநோய். உடைந்த இடத்தில் இருந்த மரபணுவுக்கு 2000-இல் டிஸ்க்1 என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்திலேயே சிலருக்கு மனச்சிதைவு, சிலருக்கு மனச்சோர்வு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் குடும்பத்தைத் தாண்டிப் பார்த்தால், சாதாரண நோயாளிகளிடம் டிஸ்க்1 பெரிதாக எதையும் காட்டவில்லை.

பிறகு வழியை மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் எடுத்து, டிஎன்ஏ முழுக்க லட்சக்கணக்கான இடங்களை ஒப்பிட்டார்கள். 2014-இல் கிட்டத்தட்ட 37,000 நோயாளிகளைப் பார்த்து, நோயோடு தொடர்புள்ள மாற்றங்கள் இருக்கும் 108 இடங்கள் கிடைத்தன. 2022-இல் 76,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள், 287 இடங்கள். இன்னும் கூடும். ஒவ்வொன்றின் பங்கும் துளிதான், அந்த மாற்றங்களில் பல உங்களிடமும் என்னிடமும் ஏற்கெனவே இருக்கும். அப்படியென்றால் "யார் வழி" என்ற கேள்விக்கே பொருள் இல்லை. எல்லார் வழியிலும் கொஞ்சம் கொஞ்சம். இதை அத்தைகளுக்குப் புரியவைக்க முடியவில்லை, அது வேறு கதை.

எனக்குப் பிடித்தது சி4 மரபணுவின் கதை. ஆறாவது குரோமோசோமில், நோய் எதிர்ப்புச் சக்தி சம்பந்தமான பகுதியில் இருக்கிறது. கிருமியை அடையாளம் போட்டுக் காட்டுவது அதன் வேலை. மூளையில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. விடலைப் பருவத்தில் மூளை தன் நரம்பு இணைப்புகளில் வேண்டாததை வெட்டிவிடும், மல்லிகைச் செடிக்குக் கவாத்து செய்வதுபோல. எதை வெட்ட வேண்டும் என்று அடையாளம் வைப்பதில் சி4-க்குப் பங்கு உண்டு. 2016-இல் ஹார்வர்டில் ஸ்டீவன் மெக்கரோல் குழு காட்டியது இது: சி4 அதிகம் சுரக்கும் வகை இருப்பவர்களுக்கு இந்த நோயின் வாய்ப்பு கூடுகிறது. கவாத்து கொஞ்சம் அதிகமாகிவிடுகிறது போலிருக்கிறது. அண்ணனுக்கு ஏன் பத்து வயதில் வராமல் பத்தொன்பதில் வந்தது என்பதற்கு முதல்முறையாக ஒரு காரணம் மாதிரி ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆனால் எவ்வளவு கூடுகிறது? பொதுவாக நூற்றுக்கு ஒருவர் என்றால், மோசமான வகை இருந்தால் நூற்றுக்கு ஒன்றேகால் பேர். அவ்வளவுதான். இதை வைத்து யாருக்கு ஜாதகம் எழுதுவது?

தமிழ்நாட்டிலும் தேடியிருக்கிறார்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு, ஆஸ்திரேலிய ஆய்வாளர்களோடு சேர்ந்து இங்குள்ள குடும்பங்களை ஆராய்ந்தது. 2019-இல் சுமார் 3,000 பேரை வைத்து வந்த ஆய்வு, உடலில் நியாசின் என்ற பி வைட்டமினைக் கையாளும் மரபணு ஒன்றைச் சுட்டியது. உடனே நியாசின் மாத்திரை வாங்க ஓடாதீர்கள். அது ஒரு துப்பு மட்டும்தான். இந்த மாதிரி உள்ளூர் ஆய்வு ஏன் முக்கியம் என்றால், பெரிய ஆய்வுகளில் ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த இடங்களையெல்லாம் கூட்டி ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்று ஒரு மதிப்பெண் போடுவார்கள்; அவர்களை வைத்துப் போட்ட அந்த மதிப்பெண் நமக்குச் சரியாகப் பொருந்தாது. என் சித்தி மகன் ஒரு தனியார் லேபில் எச்சிலைக் கொடுத்து "மிதமான ஆபத்து" என்று வண்ணப் படத்தோடு ஒரு ரிப்போர்ட் வாங்கினான். மூன்று மாதம் தூக்கம் போனதுதான் மிச்சம்.

"80 சதவீதம் பரம்பரை" என்று எங்கேயாவது படித்துப் பயந்திருப்பீர்கள். உங்களுக்கு வர 80 சதவீத வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு சமூகத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள ஆபத்தின் வேறுபாட்டில் மரபணுவின் பங்கு அது. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்து 2018-இல் வந்த கணக்கில்தான் இந்த 79, 80 வருகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வருவது மூன்றில் ஒரு பங்குதான் என்பதும் அதே கணக்குதான். அச்சு அசல் அதே டிஎன்ஏ இருந்தும்! உங்கள் சித்தப்பாவோடு உங்களுக்குப் பொதுவாக இருப்பது கால்வாசி. பழைய குடும்பக் கணக்குகளின்படி உங்களைப் போன்ற நூறு பேரில் மூன்று, நான்கு பேருக்கு வரலாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 22-ஆவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. இதை டெஸ்டில் பார்க்கலாம். சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறோ, அண்ணப் பிளவோ, படிப்பில் ரொம்பத் திணறலோ இருந்திருந்தால் அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். டெஸ்ட் தேவையென்றால் முதலில் அவருக்குத்தான் எடுப்பார்கள்.

சரி, பெண் வீட்டாருக்கு என்ன சொல்வது? சித்தப்பா விஷயத்தை மறைக்காதீர்கள். எனக்கு முதல் வரன் தட்டிப்போனதே நோயால் இல்லை, தரகர் மறைத்ததால். அப்புறம், உங்களுக்கு 31 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டிவிடும். முப்பதுக்கு மேல் வருவதும் உண்டு, ஆனால் குறைவு. நான் சொன்ன மூன்று, நான்கு என்ற கணக்கு பிறந்ததிலிருந்து போட்டது. அதில் பெரும்பகுதியை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். கஞ்சா மட்டும் தொடாதீர்கள், அது இந்த நோயின் ஆபத்தைக் கூட்டும்.