சிங்கப்பூர் நீரிணையில் திருடன் ஏறினால் யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: ஐயா, ஒரு பல்க் கேரியர் கப்பலில் தேர்ட் ஆஃபீசராக இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். கப்பலுக்குப் பனாமா கொடி. முழுச் சரக்கோடு மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் வழியாகக் கிழக்கே போகப் போகிறோம். சிங்கப்பூர் நீரிணை என்னுடைய இரவு வாட்சில், அதாவது கப்பலோட்டத்தை நான் கவனித்துக்கொள்ளும் முறை நேரத்தில்தான் வரும் போலிருக்கிறது. அங்கே திருட்டு அதிகம் என்கிறார்கள். மூன்று நாடுகள் சேர்ந்து ரோந்து போவதாகவும் சொல்கிறார்கள். ஆள் ஏறிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்? உண்மையில் யார் வருவார்கள்?

பதில்: கூப்பிட வேண்டியது, அந்த நேரத்தில் நீங்கள் எந்தப் கப்பல் போக்குவரத்து நிலையத்தின் வி.எச்.எஃப். வானொலிச் சேனலில் இருக்கிறீர்களோ அந்த நிலையத்தைத்தான். இரண்டு நீரிணைகளையும் ஒன்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் ஆறு பகுதிகளை மலேசிய நிலையங்களும் கடைசி மூன்றைச் சிங்கப்பூரும் பார்த்துக்கொள்கின்றன. உங்கள் வாட்சில் பதில் சொல்லப்போவது சிங்கப்பூர். ஆனால் பதில் சொல்பவரே வந்து நிற்பார் என்று எண்ணிவிடாதீர்கள். கப்பல் இருக்கும் இடம் இந்தோனேசியக் கடல் என்றால் இந்தோனேசியப் படகுதான் வர முடியும். சிங்கப்பூர் செய்தியை அங்கே தள்ளிவிடும்.

'சேர்ந்து ரோந்து' என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 2004 ஜூலையில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் தொடங்கியது ஒருங்கிணைத்த ரோந்து. கூட்டு ரோந்து அல்ல. ஒவ்வொரு நாட்டுக் கப்பலும் தன் எல்லைக்குள்ளேயேதான் சுற்றும். சந்தேகப் படகு எல்லைக்கோட்டைத் தாண்டினால் அடுத்த நாட்டுக்காரருக்கு வானொலியில் சொல்லிவிட்டு இவர் நின்றுவிடுவார். 2008-இல் தாய்லாந்தும் சேர்ந்தது. முறை மாறவில்லை.

ஏன் இத்தனை தயக்கம்? கடல் சட்டம் அப்படி. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் கடல். அதற்குள் நடப்பதைச் சட்டம் கடற்கொள்ளை என்று சொல்லாது. ஆயுதமேந்திய கொள்ளை என்றே சொல்லும், பிடிக்கும் உரிமையும் அந்த நாட்டுக்கு மட்டும்தான். 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 111-ஆவது பிரிவு, குற்றவாளியைத் துரத்திக்கொண்டு போக அனுமதிக்கிறது. ஆனால் துரத்தப்படும் படகு தன் நாட்டுக் கடலிலோ மூன்றாம் நாட்டுக் கடலிலோ நுழைந்த நொடியில் அந்த உரிமை போய்விடும். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் இந்தக் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. மிகக் குறுகலான பிலிப் சேனலின் அகலம் ஒன்றரைக் கடல் மைல்தான். மணிக்கு இருபது கடல் மைல் வேகத்தில் ஓடும் மரப்படகுக்கு அது ஐந்து நிமிட ஓட்டம் கூட இல்லை.

வானத்தில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள். 2005 செப்டம்பரில் 'வானத்துக் கண்கள்' என்ற திட்டம் வந்தது. அதில் போகும் ரோந்து விமானம் பக்கத்து நாட்டுக் கடலின் மேலும் பறக்கலாம், கரைக்கு மூன்று கடல் மைலுக்குள் மட்டும் போகக் கூடாது. உள்ளே எல்லா நாட்டு அதிகாரிகளும் உட்கார்ந்திருப்பார்கள். பார்ப்பதில் யாருக்கும் மனக்கசப்பில்லை, பிடிப்பதில்தான் சிக்கல். இவ்வளவாவது நடந்ததற்கு இரண்டு நெருக்கடிகள் காரணம் என்பது என் கணிப்பு. அமெரிக்கப் படை வந்து காவல் காக்கலாம் என்ற பேச்சு 2004-இல் எழுந்தது. இந்தோனேசியாவும் மலேசியாவும் ஒரேயடியாக மறுத்தன. அடுத்த ஆண்டு ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் குழு மலாக்கா நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. பிரீமியம் ஏறும் என்றதும் பேச்சுவார்த்தைக்கு வேகம் வந்துவிட்டது. 2006 ஆகஸ்டில் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

பக்கத்து நாடு கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் நல்ல உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரியில் ஐவரி கோஸ்ட்டுக்கு அப்பால் மாக்சிமஸ் என்ற எண்ணெய்க் கப்பலைக் கடத்தினார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 2013-இல் கேமரூன் தலைநகர் யவுண்டேயில் கையெழுத்திட்ட நடத்தை விதியால் தகவல் பரிமாற்றம் அதற்குள் பழகியிருந்தது. கானா, டோகோ கடற்படைகள் கப்பலின் போக்கைக் கவனித்துச் சொல்லிக்கொண்டே வந்தன. கப்பல் கடைசியில் சாவோ தோமே கடலுக்குள் போனது. அந்த நாட்டோடு உடன்பாடு இருந்ததால் நைஜீரியக் கடற்படை அங்கேயே போய்க் கப்பலை மீட்டது. மலாக்காவில் இன்று வரை அப்படியொரு அனுமதி கிடையாது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூர் நீரிணையில் நடப்பது பெரும்பாலும் கடத்தல் அல்ல, திருட்டு. இருட்டில், கிழக்கே போகும் தடத்தில், சரக்குப் பாரத்தில் தாழ்ந்து மெதுவாகப் போகும் உங்களுடையதைப் போன்ற கப்பலைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பின்பக்கமாகப் படகை ஒட்டி, கொக்கி மாட்டி மூன்று முதல் ஆறு பேர் ஏறுவார்கள். கையில் கத்தி இருக்கும். குறி எஞ்சின் ஸ்பேர்ஸ், அதாவது உதிரி பாகங்கள். நான் கப்பலில் இருந்த நாளில் ஒரு விடியற்காலையில் சுக்கானை இயக்கும் ஸ்டியரிங் கியர் அறைத் தரையில் ஈரமான வெறுங்கால் தடங்களைப் பார்த்தோம். ஸ்டோர் கதவு திறந்து கிடந்தது. ஸ்பேர்ஸ் பெட்டி இருந்த இடத்தில் தூசி படாத ஒரு சதுரம். அவர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் இருக்கும் ரகசிய அபாய பட்டனைப் பற்றிப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை அழுத்துங்கள், ஆனால் அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். அந்தச் செய்தி போவது கம்பெனிக்கும், கப்பலைப் பதிவு செய்த கொடி நாட்டுக்கும். உங்கள் விஷயத்தில் பனாமா. அங்கிருந்து சிங்கப்பூருக்கோ ஜகார்த்தாவுக்கோ சேதி திரும்பி வருவதற்குள் திருடன் கரையேறிவிடுவான். பட்டனோடு சேர்த்து வி.எச்.எஃப். மைக்கையும் எடுங்கள். கேப்டனை எழுப்புங்கள், பொது அலாரத்தையும் ஹாரனையும் அடியுங்கள். தங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தாலே பெரும்பாலும் ஓடிவிடுவார்கள். ஆட்களைக் குடியிருப்புப் பகுதிக்குள் சேர்த்துத் தலையெண்ணிப் பாருங்கள். கத்திக்காரனைத் துரத்திக்கொண்டு யாரும் டெக்கில் இறங்க வேண்டாம்.

ரேடியோவில் கப்பல் பெயர், இருப்பிடம், எத்தனை பேர், என்ன ஆயுதம் என்பதோடு படகு எந்தத் திசையில் போனது என்பதையும் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். படகு கோட்டைத் தாண்டப் போகிறது; எதிர்ப்பக்கத்துக்காரர் காத்திருக்க வேண்டிய இடத்தை முடிவு செய்வது அந்த ஒரு வரிதான். ஏறும் வரை காத்திருக்கவும் வேண்டாம். விளக்கில்லாமல் பின்னால் ஒட்டி வரும் படகைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு, 'போனது நாலு ஸ்பேர்ஸ்தானே, ரிப்போர்ட் எழுதினால் விசாரணை, தாமதம்' என்று சிலர் முணுமுணுப்பார்கள். எழுதுங்கள். ரோந்து எங்கே போக வேண்டும் என்பதை இந்த ரிப்போர்ட்டுகளை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஆசியக் கடல் கொள்ளைகளைத் தடுக்க நாடுகள் செய்துகொண்ட ரீகாப் ஒப்பந்தத்தின் தகவல் மையம் 2006 முதல் சிங்கப்பூரில் இயங்குகிறது. இந்தோனேசியாவும் மலேசியாவும் அதில் உறுப்பினராகச் சேரவில்லை என்பது இந்த ஒத்துழைப்பின் பெரிய ஓட்டை என்பேன். சர்வதேசக் கடல்சார் பணியகத்தின் கொள்ளைப் புகார் மையம் 1992 முதல் கோலாலம்பூரில் இருக்கிறது. 2009-இல் சிங்கப்பூர்க் கடற்படை அமைத்த தகவல் மையத்தில் பல நாட்டு அதிகாரிகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேப்டன் ஒப்புதலோடு மூன்று இடத்துக்கும் அனுப்புங்கள். ஒன்றுக்கு அனுப்பினால் மற்றதற்குத் தானாகப் போய்விடும் என்று விட்டுவிட வேண்டாம்.

ரிப்போர்ட்டில் நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யிலேயே எழுதுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். எதிரே கண்ணுக்குத் தெரியும் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஒரு மணி நேரம் குறைவு. வெறுமனே 'இரவு 9.40' என்று எழுதினால், எந்தக் கரையின் 9.40 என்று கேட்டு மறுநாள் காலை உங்களுக்குத்தான் போன் வரும்.