கணவர் அமெரிக்கத் தடுப்பு முகாமில்: கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரைச் சேர்ந்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். என் கணவர் ஏஜென்ட் ஒருவரை நம்பி, சொந்தக் கடவுச்சீட்டில் கட்டுநாயக்க விமான நிலையத்தால் போனார். பிரேசிலில் இறங்கி, தரைவழியாக மெக்சிக்கோ எல்லையைத் தாண்டி, அமெரிக்காவுக்குள் கால் வைத்ததும் பிடிபட்டார். இப்போது லூசியானாவில் தடுப்பு முகாமில் இருக்கிறார். "ஒரு பேப்பரில் கையெழுத்து வைத்தால் கெதியாக ஊருக்கு அனுப்புவார்களாம், இனி என்னால் ஏலாது" என்று போனில் அழுகிறார். வைக்கலாமா? வெளிவிவகார அமைச்சுக்கு நான் ஒரு கடிதம் கொடுக்கட்டுமா? திரும்பி வந்தால் கட்டுநாயக்கவில் பிடிப்பார்களா? அவரை வெளியே எடுக்க இன்னும் காசு வேண்டும், காணி உறுதியைத் தா என்று ஏஜென்ட் கேட்கிறார். கணவரின் அண்ணா 2006இல் காணாமல் போனவர்.

பதில்: சகோதரி, அவர் அடுத்த முறை எடுக்கும்போது முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்: தமிழில் முழுதாக விளங்கப்படுத்தாத எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கட்டும். அந்தத் தாள், நீதிபதி முன் போகும் உரிமையை விட்டுக்கொடுத்து நாடுகடத்தல் கட்டளையை ஏற்பதாக இருக்கலாம். தானாகப் புறப்படச் சம்மதிப்பதாகவும் இருக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. எல்லையில் அதிகாரிகளே வேகமாகப் போடும் கட்டளை என்றால் 5 வருடமும், நீதிபதி போட்டது என்றால் பொதுவாக 10 வருடமும் அந்த நாட்டுக்குள் போக முடியாது. அடைக்கலக் கோரிக்கையும் அதோடு முடிந்துவிடும்.

எல்லாம் தெரிந்தபின், வீட்டுக்கே வருகிறேன் என்று அவர் முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. யாரும் அவரைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் நித்திரையும் சரியான சாப்பாடும் இல்லாமல், பிள்ளைகளின் குரலைப் போனில் கேட்டு உடைந்துபோன ஒரு மனிதன் வைக்கும் கையெழுத்தைச் சுயவிருப்பம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நான் இலங்கைச் சட்டத்தரணி. அந்த வழக்கை அங்கே அனுமதி பெற்ற ஒருவர்தான் நடத்த வேண்டும். குடிவரவுத் தடுப்பு அமெரிக்கச் சட்டத்தில் குற்றத் தண்டனை அல்ல, சிவில் நடவடிக்கை. அதனால் அரசு செலவில் சட்டத்தரணி கிடைக்காது. இலவசமாக உதவும் சட்ட நிறுவனங்களின் பட்டியல் அங்கே உண்டு, அதைக் கேட்டு வாங்கட்டும். உங்களுக்கு அவரிடமிருந்து வேண்டியது அவருடைய ஏ-நம்பர், அதாவது அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் அவருக்குக் கொடுத்த பதிவு இலக்கம். அதுவும் பிறந்த நாடும் இருந்தால் அவர் எந்த முகாமில் இருக்கிறார் என்று இணையத்தில் தேடலாம். முகாமை மாற்றினாலும் கண்டுபிடிக்க அதுதான் வழி. ஊருக்குத் திரும்பினால் என்ன பயம் என்று கேட்கும் முதல் நேர்காணல் நடந்துவிட்டதா, அடுத்த தவணை எப்போது என்றும் கேளுங்கள்.

அந்த நேர்காணலை அவர் லேசாக எடுக்கக்கூடாது. நம் நாட்டுத் தமிழர் ஒருவர், துரைசிங்கம், 2017இல் மெக்சிக்கோ எல்லையைத் தாண்டிய உடனே பிடிபட்டார். அவருடைய பயத்துக்கு ஆதாரம் போதாது என்று அதிகாரி முடிவு செய்தார், குடிவரவு நீதிபதியும் அதை ஏற்றார். ஆட்கொணர்வு மனு (தடுத்து வைத்தது சட்டப்படிதானா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) மூலம் அந்த முடிவை எதிர்க்க அவருக்கு வழியில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2020 ஜூனில் தீர்ப்பளித்தது. ஆகவே அந்த அறையில் சொல்லாமல் விட்டதைப் பிறகு சொல்லிச் சரிக்கட்டுவது மிகக் கடினம். முடிவு பாதகமாக வந்தாலும் நீதிபதி அதை மீளாய்வு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது உங்கள் கடிதம். இதில்தான் குடும்பங்கள் அன்பினால் கெடுதல் செய்துவிடுகின்றன. அமைச்சுக்கும் தூதரகத்துக்கும் எம்.பி.க்கும் கடிதம், பிறகு பொலிஸில் முறைப்பாடு. உங்கள் கணவர் இந்த நாட்டு அரசுக்குப் பயந்து அங்கே பாதுகாப்புக் கேட்டிருந்தால், அந்த அரசுக்கே "என் கணவர் அங்கே அடைக்கலம் கேட்டிருக்கிறார்" என்று கையொப்பமிட்டு எழுதிக் கொடுப்பது என்ன அர்த்தம்? வெளிநாட்டில் தடுக்கப்பட்டவர் தன் தூதரகத்தோடு பேசலாம் என்பது வியன்னா கொன்சியூலர் உடன்படிக்கை தரும் உரிமை. விரும்பினால்தான் பேசுவது. அடைக்கலக் கோரிக்கையின் விவரங்களை அங்குள்ள அதிகாரிகளும் பொதுவாக இரகசியமாக வைக்க வேண்டும். அவர்கள் மூடி வைத்ததை நீங்கள் திறக்க வேண்டாம். அவரும் அவருடைய சட்டத்தரணியும் சம்மதிக்கும்வரை எங்கும் எழுதாதீர்கள். முகாமிலிருந்து வரும் அழைப்புகள் பதிவாகலாம் என்பதால் 2006 விஷயங்களைப் போனில் விவரிக்கவும் வேண்டாம்.

அப்படியானால் நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா என்று கேட்பீர்கள். இல்லை. வழக்கு லூசியானாவில் நடந்தாலும் சாட்சியம் திருகோணமலையில் கிடக்கிறது, அதைத் திரட்டக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அண்ணா காணாமல் போனபோது பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதிவு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கம் தந்த துண்டு, எது இருந்தாலும் எடுங்கள். 2006இல் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமிலோ வேறெங்கோ இருந்திருந்தால் அந்த நிவாரண அட்டை. கணவரை விசாரணைக்குக் கூப்பிட்ட துண்டுகள், காயத்துக்கு வைத்தியசாலையில் தந்த அட்டை, நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு இருந்திருந்தால் அதன் உறுதிப்படுத்திய பிரதி. கண்ணால் கண்டவர்கள் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி கொடுக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடக் கடிதம் வாங்கும்போது காரணத்தை விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை. எல்லாவற்றையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி, போட்டோ எடுத்து, அவருடைய சட்டத்தரணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மூலப் பிரதிகள் உங்களிடமே இருக்கட்டும்.

இல்லாததை உண்டாக்காதீர்கள். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கதை, காசுக்கு வாங்கிய கடிதம், திருத்திய திகதி, இவை வழக்கையே கொன்றுவிடும். தெரிந்துகொண்டே பொய்யான அடைக்கலக் கோரிக்கை கொடுத்தார் என்று தீர்ப்பானால், அமெரிக்காவில் அவருக்குக் குடிவரவு நன்மை எதுவும் நிரந்தரமாகக் கிடைக்காமல் போகலாம். உங்கள் குடும்பம் பட்ட பாட்டுக்குப் பொய் சேர்க்கத் தேவையே இல்லை.

பிணை பற்றி: எல்லையை ஒளித்துக் கடந்தவர்களுக்குப் பிணை கொடுக்கும் அதிகாரம் குடிவரவு நீதிபதிகளுக்கு இல்லை என்று அங்குள்ள குடிவரவு மேன்முறையீட்டுச் சபை 2025 செப்டம்பரில் சொன்னது. பல மாவட்ட நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. அவருக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை அவருடைய சட்டத்தரணியிடம்தான் கேட்க வேண்டும்.

கட்டுநாயக்க. சொந்தக் கடவுச்சீட்டில், முத்திரை குத்தி, விமான நிலையத்தால் போனவர் சட்டவிரோதமாக வெளியேறியவர் அல்ல. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தில் மாட்டுகிறவர்கள் பொதுவாகக் கள்ளப் படகில் போனவர்களும் போலிக் கடவுச்சீட்டில் போனவர்களும்தான். ஆனாலும் நாடுகடத்தப்பட்டு வருகிறவரைக் குடிவரவு அதிகாரிகளும் புலனாய்வுப் பிரிவினரும் விசாரிப்பது வழமை, அது மணிக்கணக்கில் நீளலாம். விமான விவரம் தெரிந்ததும் உறவினர் ஒருவர் அங்கே நிற்கட்டும், கையில் சட்டத்தரணி ஒருவரின் இலக்கம் இருக்கட்டும். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும்.

பிறகு வீட்டுக்கு யாராவது தேடி வந்தால் திகதி, நேரம், வந்தவர் சொன்ன பெயர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். அவருடைய உரிமை மீறப்பட்டால், அடிப்படை உரிமை மனுவை உச்ச நீதிமன்றத்தில் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக அந்தக் காணி உறுதி. ஏஜென்டுக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்கத் தடுப்பு முகாமிலிருந்து ஆளை எடுக்கும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் கிடையாது. "சும்மா ஈடுதான்" என்று சொல்லிக் கூட்டிப்போய், காணியை முழுதாக விற்றுவிடும் அறுதி உறுதியில் ஒப்பம் வாங்குவார்கள், அப்புறம் மீட்க வருடக்கணக்கில் வழக்குப் பேச வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஒப்பமிட்டிருந்தால் எந்த நொத்தாரிசு, எந்தத் திகதி என்ற விவரத்தோடு, காணிப் பதிவகத்தில் பதிவாகுமுன் இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.