பரட்டை என்று பெயர் வாங்கிய சுருட்டை

அக்கா, எனக்குக் கோரை முடி. எட்டு வயது மகளுக்கு அவள் அப்பாவைப் போல நல்ல சுருட்டை. காலையில் சீப்பை எடுத்தாலே அழுகிறாள். வாரி முடித்தால் புஸ்ஸென்று பரட்டையாக நிற்கிறது, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் நுனி வறண்டே கிடக்கிறது. என்னதான் செய்வது?

முதலில் அந்தச் சீப்பை உள்ளே வையுங்கள். உங்கள் கை உங்கள் தலையில் பழகிய கை, அதே பழக்கத்தை அவள் தலையில் காட்டுகிறீர்கள், அவ்வளவுதான். சுருட்டை முடியில் பக்கத்துப் பக்கத்து இழைகள் சேர்ந்து ஒரே சுருளாகத் தொங்கும். காய்ந்த தலையில் சீப்பு ஓடினால் அந்தச் சேர்க்கை பிரிந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றுவிடும். நாம் அதைப் பார்த்துப் பரட்டை என்கிறோம். (நானும் கல்லூரி முடியும்வரை வாரி வாரியே என் தலையைப் பரட்டையாக்கிக் கொண்டிருந்தவள்தான்.)

நுனி வறள்வதற்குக் காரணம் வேறு. தலைத்தோலில் ஊறும் எண்ணெய்ப் பசை கோரை முடியில் சறுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். வளைந்து வளைந்து போகும் முடியில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் உச்சந்தலை பிசுக்கென்று இருந்தாலும் நுனி காய்ந்தே இருக்கும், நீங்கள் உச்சியில் வைக்கும் எண்ணெய்க்கும் அதே கதிதான்.

சிக்கெடுப்பதைக் குளிக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்புவைத் தலைத்தோலுக்கு மட்டும் போட்டு அலசிவிட்டு, முடி சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனரைத் தாராளமாகத் தடவுங்கள், கை வழுக்க வேண்டும். தலையை நான்கு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தை எடுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் மேலே இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுப்பு அந்தக் கையோடு நின்றுவிடும், வேர்வரை போகாது, குழந்தைக்கு வலிக்காது. முதலில் விரல், அப்புறம் பல் அகலமான சீப்பு. நுனியில் சிக்கு விட்ட பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் கொஞ்சம் மேலே. உச்சியில் ஆரம்பித்தால் எல்லாச் சிக்கையும் தள்ளிக்கொண்டு போய்க் கீழே ஒரே முடிச்சாக்கிவிடுவீர்கள். அலசிய பின் துண்டால் தேய்க்காமல் ஒரு பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுத்து, காயும்வரை தொடாமல் விடுங்கள். அதுதான் கஷ்டமே. மறுநாள் காலையில் தண்ணீர் தெளித்து விரலால் ஒதுக்கிவிட்டால் போதும், சீப்பு வேண்டாம்.

ஒரு விஷயம், இதை அப்படியே உங்கள் தலையில் செய்யாதீர்கள். ஈரமான முடி இழுத்தால் நீளும், சீக்கிரம் அறும். சுருட்டையைக் காய்ந்த நிலையில் வாருவது அதைவிடப் பெரிய கெடுதல் என்பதால்தான் கண்டிஷனர் வழுக்கலோடு ஈரத்தில் வாரச் சொல்கிறேன். கோரை முடியைக் குளிக்கும் முன் உலர்ந்த நிலையிலேயே சிக்கெடுத்துவிடுவது நல்லது.

2பி, 3ஏ என்று ஏதேதோ சொல்கிறார்களே, என் முடி எந்த எண் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகை அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பிரபலமாக்கிய கணக்கு அது. 1 கோரை, 2 அலை, 3 சுருட்டை, 4 நெருங்கிய சுருட்டை, அதற்குள் ஏ, பி, சி என்று உட்பிரிவு. வடிவத்தை மட்டும்தான் சொல்லும், பராமரிப்புக்கு அது பாதித் தகவல்கூட இல்லை. ஒரே தலையில் பிடரியில் சுருட்டையும் நெற்றியோரம் அலையும் இருக்கும், எந்த எண்ணைப் போடுவீர்கள்?

தலைக்குக் குளித்து, எதையும் தடவாமல் தானாகக் காயவிட்டுப் பாருங்கள், வடிவம் தெரிந்துவிடும். பிறகு ஒற்றை முடியைப் பிடித்து உருட்டுங்கள். விரலுக்குத் தட்டுப்படவே இல்லை என்றால் மெல்லிய முடி, கனமான கிரீம் போட்டால் படிந்துபோகும். நூல்போல நன்றாகத் தட்டுப்பட்டால் தடித்த முடி, அது தாங்கும். தண்ணீர் பட்டதும் நனைந்து சீக்கிரமே காய்ந்துவிடும் முடிக்கு ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிரீம் தேவை. நனையவே நேரமாகி, மணிக்கணக்கில் காயாமல் இருந்தால் அதில் எதைப் போட்டாலும் மேலேயே உட்கார்ந்திருக்கும், குறைவாகப் போடுங்கள். டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நம்பவேண்டாம். கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே மிதக்கும்.

கோரை முடி. இன்று குளித்தால் நாளைக்கே பிசுபிசுப்பு. அடிக்கடி குளித்தால் கொட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

குளியுங்கள். குளிக்கும்போது கையில் வருவது ஏற்கெனவே வேரிலிருந்து விடுபட்டுத் தலையிலேயே தங்கியிருந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம், மூன்று நாள் கழித்துக் குளித்தால் மூன்று நாள் கணக்கும் ஒரேயடியாகக் கண்ணில் படும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். பொடுகோ அரிப்போ சேர்ந்திருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு வருடமாக தினமும் ஸ்ட்ரெய்ட்னர் போட்டுவந்தேன். இப்போது விட்டுவிட்டேன், ஆனால் தலை நனைந்தாலும் முன்பக்கம் மட்டும் சுருளவே மாட்டேன் என்கிறது. திரும்ப வருமா?

முடியின் வடிவத்தைப் பிடித்துவைப்பதில் இரண்டு வகைப் பிணைப்புகள் உண்டு. ஒன்று தண்ணீர் பட்டாலே அவிழ்ந்து, காயும்போது மறுபடி கட்டிக்கொள்ளும். இஸ்திரி போட்ட முடி மழையில் நனைந்ததும் சுருள்வது அதனால்தான். இன்னொன்று கந்தகப் பிணைப்பு, தண்ணீருக்கு அசையாது. உங்கள் முன்பக்கத்தில் தினசரிச் சூடு முடியின் புரதத்தையே கெடுத்துவிட்டது. வெளியே வந்துவிட்ட முடிக்கு உயிர் கிடையாது, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது, எந்தப் பாட்டிலும் அதைச் செய்யாது. வேரிலிருந்து வருவது பழைய சுருளாகத்தான் வரும், மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வேகத்தில். கெட்ட பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். இனி எப்போதாவது அந்தக் கருவியை எடுத்தால், முடியில் வைத்ததும் 'சுர்' என்று சத்தம் வருகிறதா கவனியுங்கள். உள்ளே இருக்கும் ஈரம் கொதித்துக் குமிழாகிறது என்று அர்த்தம், அங்கேதான் பின்னால் உடையும்.

பதினான்கு வயது வரை கோரை, இப்போது சுருள ஆரம்பித்திருக்கிறது. ஏதாவது வியாதியா?

இல்லை. பருவ வயதில் ஹார்மோன் மாறும்போது மயிர்க்காலின் வடிவமும் மாறலாம். மேலே அந்த எட்டு வயதுப் பெண்ணுக்குச் சொன்னதைப் படித்துக்கொள்ளுங்கள்.