வாசகர் கேள்வி: பழிவாங்கத் துடிக்கும் கைதி

கேள்வி: சாங்கி சிறையில் இருந்துகொண்டு, காட்டிக்கொடுத்த கூட்டாளியைப் பழிவாங்கத் திட்டமிடும் ஒருவனைப் பற்றி நகைச்சுவை நாடகம் எழுதுகிறேன். சிரிப்பை எங்கே தேடுவது?
– வாசகர், ஈசூன்

பதில்: சிங்கப்பூர்ச் சட்டத்திலேயே தேடுங்கள். நன்னடத்தை உள்ளவருக்குப் பொதுவாகத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறைவதால், வெளியே வந்து ஒருவன் கழுத்தை நெரிக்க அவசரப்படுபவன், உள்ளே பாயைச் சுருட்டி வைத்துப் பரம சாதுவாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2014இல் நடப்புக்கு வந்த நிபந்தனை விடுதலை முறையின்படி, விடுதலைக்குப் பின், குறைக்கப்பட்ட அந்த மூன்றில் ஒரு பங்குக் காலம் முடிவதற்குள் மீண்டும் குற்றம் செய்தால், எஞ்சிய நாள்களையும் நீதிமன்றம் அவன் தலையில் கட்டலாம். ஆகவே விடுதலையான பிறகும் நாள்காட்டியைப் பார்த்துப் பகையை ஒத்திப்போட வேண்டும். அதற்குள் கூட்டாளி வேறொரு வழக்கில் உள்ளே போய்விட்டால்? இரண்டாம் காட்சியை அங்கே தொடங்குங்கள். சிறைச் சாப்பாட்டு நகைச்சுவை மட்டும் வேண்டாம். அது ஊசிப்போய் வெகு காலமாகிறது.