விற்பதற்கு முன் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அளந்து பாருங்கள்

கேள்வி: கப்பலூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். வயது 36. எட்டு மாதமாக கிட்டார் கற்கிறேன். ஞாயிறுதோறும் மதுரையில் வகுப்பு, வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் பயிற்சி. மற்ற நாட்களில் தொட நேரமில்லை. ஜி கார்டிலிருந்து (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) சி கார்டுக்கு மாறுவதற்குள் பாட்டு நின்றுவிடுகிறது. எஃப் கார்டு பிடித்தால் அடைத்துப்போன சத்தம்தான் வருகிறது. என்னோடு சேர்ந்த பத்தாம் வகுப்புப் பையன் முழுப் பாட்டே வாசிக்கிறான். இந்த வயதில் விரல் வளையாது என்கிறார் என் மச்சான். கிட்டாரை விற்றுவிடலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: விற்க வேண்டாம். உங்கள் மச்சான் சொல்வதும் சரியில்லை. 36 வயது விரல் நன்றாகவே வளையும். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், வயதைவிட உங்கள் கிட்டார் மீதும் பயிற்சி நேரத்தைப் பிரித்த விதத்தின் மீதும்தான் எங்களுக்குச் சந்தேகம்.

முதலில் கிட்டார். நுனியிலேயே பூஜ்யம் தொடங்கும் ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை எடுத்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் நிறுத்துங்கள் (கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட், தலைப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள்). ஃப்ரெட் கம்பியின் தலைக்கும் தடித்த ஆறாம் கம்பியின் அடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஸ்டீல் கம்பி போட்ட அக்கௌஸ்டிக் என்றால் ஆறாம் கம்பிக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய முதல் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. விலை குறைந்த கிட்டார்கள் பல 3.5, 4 என்று உயரமாகவே கடையிலிருந்து வருகின்றன. அதில் எஃப் பிடிக்கப் பழகியவர்களுக்கே கை வலிக்கும்.

அடுத்து, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டிக்கொண்டு, எஃப் வடிவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். திடீரென்று சுலபமாகிவிட்டால் குற்றம் நட்டில் இருக்கிறது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைப் பட்டையின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கும். அதை நீங்களே ஆக்ஸா பிளேடால் அறுக்க வேண்டாம். துளி அதிகம் இறங்கினாலும் விரல் வைக்காமல் மீட்டும் கம்பி இரைய ஆரம்பித்துவிடும், பிறகு நட்டையே மாற்ற வேண்டும். கிட்டார் செட்டப் செய்பவரிடம் கொடுங்கள். கிட்டார் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் பட்டையான சாடிலின் அடியையும் அவர் தேய்த்துக் கொடுப்பார். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க சாடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கம்பி 12 கேஜ் (கம்பியின் தடிமன்) என்றால் அப்படியே 10 அல்லது 11 செட்டுக்கு மாறிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் மறக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழேயோ, மேற்கு வெயில் விழும் சுவரிலோ, பூட்டிய காரிலோ சித்திரை மாதத்தில் வைத்தால் பிரிட்ஜ் ஒட்டியிருக்கும் பசை இளகும், பலகை உப்பும், கம்பி மறுபடி உயரும். வாசித்து முடித்ததும் வியர்வையைப் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள். இல்லாவிட்டால் கம்பி துருவேறி விரலை அறுக்கும்.

இனி பயிற்சி. ஞாயிறு இரண்டு மணி நேரம் என்பது 120 நிமிடம். அதையே 20 நிமிடமாக வாரத்தில் ஆறு நாளுக்குப் பிரித்தால் கணக்கு ஒன்றுதான், பலன் ஒன்றல்ல. ஒரே மூச்சில் வாசித்தால் பாதியிலேயே விரல் நுனி எரிய ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு வலிக்குப் பயந்து கை தப்பாகப் பிடிக்கும், அந்தத் தப்பே பழகிவிடும். அடுத்த ஆறு நாளில் நுனித்தோலும் மறுபடி மென்மையாகிவிடும். தினமும் தொட்டால் மூன்று நாலு வாரத்தில் தோல் தடிக்கும். கற்றதை மூளை பதிய வைப்பது தூக்கத்திலும் நடக்கிறது. வாரத்துக்கு ஆறு இரவு கிடைப்பதை ஒரே இரவாக்கிக்கொள்ளாதீர்கள். உறையிலிருந்து எடுப்பதற்கே சோம்பல் வரும், அதனால் கிட்டாரைக் கண்ணில் படும் நிழலான இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

உங்கள் ஜி–சி தடுமாற்றத்துக்கு விரல் வைக்கும் முறை காரணமாக இருக்கலாம். நடுவிரல் ஆறாம் கம்பியிலும் ஆள்காட்டி விரல் ஐந்தாம் கம்பியிலும் வைத்து ஜி பிடிக்கிறீர்களா? அப்படியானால் சி-க்குப் போக மூன்று விரலும் கிளம்பி மூன்று புது இடம் தேட வேண்டும். மாற்றிப் பிடியுங்கள். மோதிர விரல் ஆறாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் ஐந்தாம் கம்பி இரண்டாம் ஃப்ரெட், சுண்டுவிரல் முதல் கம்பி மூன்றாம் ஃப்ரெட். இப்போது சி-க்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் ஜோடியாக, அதே ஃப்ரெட்டிலேயே, தரைப்பக்கம் ஒரு கம்பி இறங்கினால் போதும். சுண்டுவிரல் எழும், ஆள்காட்டி விரல் இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட்டில் உட்காரும். முதல் வாரம் சுண்டுவிரல் முரண்டு பிடிக்கும், விடாதீர்கள்.

இந்த ஒரு மாற்றத்தை மட்டும் போன் டைமரில் ஒரு நிமிடம் வைத்து, எத்தனை முறை சுத்தமாக மாறினீர்கள் என்று எண்ணி காலண்டரில் எழுதுங்கள். 12 வந்தாலும் 12 என்றே எழுதுங்கள். 50, 60 வரும்போது சாதாரண வேகப் பாட்டு நிற்காது. பாட்டில் தோற்றுத் தோற்று மனம் விட்டுப்போகிறவருக்கு, 12 என்பது 19 ஆவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாட்டை வாசிக்கும்போது மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, இடது கை வந்து சேராவிட்டாலும் வலது கை அடிப்பதை நிறுத்தாதீர்கள். நின்று நின்று வாசித்தால் நிற்பதும் பாட்டோடு சேர்ந்து பழகிவிடும்.

எஃப்-ஐ இரண்டு மாதம் ஒதுக்கி வையுங்கள். பாட்டு சி, எஃப், ஜி, ஏ மைனரில் இருந்தால் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு ஜி, சி, டி, இ மைனர் பிடியுங்கள், அதே சுருதி வரும். இது ஏமாற்று வேலையல்ல, மேடையில் வாசிக்கிறவர்களும் செய்வதுதான். எஃப்-க்குத் தேவையான பாரேயை (ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்துவதை) இதற்கிடையில் ஐந்தாம் ஃப்ரெட்டில் தினம் இரண்டு நிமிடம் பழகுங்கள். அங்கே கம்பி சீக்கிரம் பணியும். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் லேசாகச் சாய்த்து, எலும்பு விளிம்பால் அழுத்துங்கள். ஆறு கம்பியையும் அது நெரிக்க வேண்டியதில்லை. 6, 2, 1 ஆகிய மூன்று மட்டுமே அதன் பொறுப்பு, மற்ற மூன்றையும் பிற விரல்கள் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு கம்பியாக மீட்டி, எது அடைக்கிறதோ அதை மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு ஃப்ரெட் வீதம் முதல் ஃப்ரெட்டை நோக்கி இறங்கி வாருங்கள்.

அந்தப் பையனுக்கு மாலை நேரம் முழுக்கக் கிடைக்கிறது, உங்களுக்கு ஷிஃப்ட். அவனோடு ஒப்பிடாமல், மூன்று மாதம் கழித்து எங்களுக்கு இரண்டு எண்களை மட்டும் எழுதுங்கள்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் இப்போது எத்தனை மில்லிமீட்டர், ஜி–சி நிமிடத்துக்கு எத்தனை.