தோப்பு வீட்டில் மூன்று நாள்: பாம்புக்கு முன்னால் கிணற்றைப் பாருங்கள்

கேள்வி: ஜூலையில் மூன்று நாள் தென்காசிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் தங்கலாம் என்று இருக்கிறோம். மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்றரை வயது. "பாம்பு, பூச்சி இருக்கிற இடத்துக்குப் பச்சப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கூட வரும் என் மாமியார் பயப்படுகிறார். போகலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்? (சென்னை வாசகி)

குழந்தை நல மருத்துவரின் பதில்:

தாராளமாகப் போங்கள். ஜூலை அங்கே சாரல் காலம். வெயில் கடுமையாக இருக்காது, பிள்ளைகள் நாள் முழுக்க வெளியே திரியலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் தென்காசி. 600 கிலோமீட்டருக்கு மேல் காரில் குழந்தையை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை.

அத்தையின் பயம் நியாயமானதுதான். ஆனால் என்னிடம் இப்படிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது கிணற்றைப் பற்றித்தான். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பெரிய திறந்த கிணறுகள் உண்டு. சிலவற்றுக்குச் சுற்றுச்சுவரே இருக்காது. அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: கிணறு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சுவர் இருக்கிறதா, மேலே கம்பிவலை போட்டிருக்கிறதா, பம்புசெட் தொட்டி எவ்வளவு ஆழம்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு வீடு பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் கிணறுகூட வேண்டாம், குளியலறையில் பாதி நிரம்பிய வாளியே போதும். தலை குப்புற விழுந்தால் அந்த வயதில் எழத் தெரியாது, சத்தமும் வராது. வாளி, அண்டா எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

பெரியவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில்தான் "அவங்க பார்த்துக்குவாங்க" என்று எல்லோரும் நினைத்துவிடுகிறோம். ஆகவே முறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒரு மணி நேரம் நீங்கள், அடுத்த ஒரு மணி நேரம் கணவர். முறை உள்ளவர் கையில் போன் இருக்கக் கூடாது.

ஒருவேளை குழந்தை தண்ணீரில் விழுந்து மூச்சில்லாமல் எடுத்தால், ஊரில் சிலர் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவார்கள், வயிற்றை அமுக்குவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். தண்ணீரை வெளியே எடுப்பதில் போகும் ஒவ்வொரு நொடியும் மூச்சுக்கான நொடி. உடனே வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், இரண்டு ஊதல் என்று மாறி மாறிச் செய்யுங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கிளம்புவதற்கு முன் நீங்களும் கணவரும் இதை ஒரு மருத்துவமனையில் செய்து பழகிவிட்டால் நான் நிம்மதியாக இருப்பேன்.

அருவி? குற்றாலத்தில் பிள்ளைகளுக்குப் புலியருவி போதும். மெயினருவியின் வேகம் இந்த வயதுக்கு ஆகாது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ அந்த நிமிடமே வெளியேறுங்கள். குரங்குகள் பறித்துக்கொள்ளும், அதனால் பிள்ளைகள் கையில் தின்பண்டம் வேண்டாம். சீசன் பழமான ரம்புட்டானைச் சின்னவளுக்கு முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள், வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கொட்டை நீக்கி நறுக்கித்தான் கொடுக்க வேண்டும்.

சரி, பாம்புக்கு வருவோம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல சமயம் வலியே தெரியாது. ஆகவே கட்டிலில் படுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகிவிடுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சும் செருப்பும் இல்லாமல் முற்றத்தில் இறங்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடித்த இடத்தை அசைக்காமல் நேராகத் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை. மந்திரிப்பது, பச்சிலை என்று நேரத்தைக் கழிக்காதீர்கள்.

நாய்க்குட்டி, பூனைக்குட்டி பிறாண்டினாலும் அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றே தடுப்பூசி போடுங்கள். காபித்தூளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள்.

தண்ணீரையும் பாலையும் கொதிக்க வைத்தே கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் கொடுக்க ஓ.ஆர்.எஸ். (உப்பு, சர்க்கரைக் கலவை) பொட்டலம் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பலர் தவறவிடும் ஒன்று. புல்லிலும் புதரிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்) வரலாம். காய்ச்சல் உடனே வராது, ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தொடங்கும். அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எங்காவது சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் குழந்தை சொல்லாது. தினமும் குளிப்பாட்டும்போது தேடிப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலிலேயே "தென்காசிப் பக்கம் தோப்பில் தங்கியிருந்தோம்" என்று சொல்லிவிடுங்கள். நோய் தெரிந்து சரியான மருந்து கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.